வெற்றிடம் துடைத்தவர்

என் கடையில் ஒருவர் எழுந்து போன பிறகு, நாற்காலியையும் மேசையையும் பார்த்தே யார் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிவிடுவேன். ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றால் விசைப்பலகையில் காய்ந்த பாலின் வாடை இருக்கும். இரத்தினபுரி மாணிக்கக் கல் வியாபாரி என்றால் மேசை விளக்கு இடம் மாறியிருக்கும். எதையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிற கை அது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த வீட்டார் என்றால் நாற்காலியே வாசலுக்கு வந்திருக்கும். சுவரோர மெஷினில் உட்காரும் இவர் எழுந்து போனால் மட்டும் யாருமே உட்காராதது போல இருக்கும். நாற்காலி மேசைக்குள் தள்ளியிருக்கும். மவுஸ் வயர் வளையமாகச் சுருண்டிருக்கும். நான் குவித்து வைத்த பழைய காகிதங்கள்கூட நாலு மூலையும் பொருந்தி அடுக்கியிருக்கும்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. போகப் போகத்தான் யோசனை வந்தது. வந்த சுவடே தெரியாமல் போகிறவரைப் பற்றி என்ன நினைப்பது?

பக்கத்துக் கடை சலூன்காரர் அதை வாய்விட்டே சொன்னார். "திருட்டுப்பய கூட கால் தடம் வச்சிட்டுப் போவாண்ணே. இவரு அதுகூட வைக்கல."

எங்கள் பசார் இரத்தினபுரிக்குப் போகும் பாதையில், மேலே தேயிலைத் தோட்டம், கீழே ரப்பர் தோட்டம் என்று இரண்டுக்கும் நடுவில் இருந்தது. நான் வைத்திருந்தது கொமியூனிகேஷன் கடை. ஃபோன் பேசலாம், போட்டோ கொப்பி எடுக்கலாம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மனு எல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக் கொடுப்பேன். கொம்பியூட்டர் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மெஷினை வாங்கி வந்த புதிதில், அணைக்கத் தெரியாமல் விடிய விடிய ஓட விட்டவன் நான்.

வடக்கில் சண்டை மறுபடி மூண்டிருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறினால் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைப்பதில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டுதான் போவார்கள். விசாரணை என்று கூட்டிப் போனவர்களில் சிலர் மாசக் கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் ஒரு கண் வைத்தே பார்த்தோம். நானும் அப்படித்தான்.

அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். முப்பது வயசு இருக்கலாம். கொழும்பில் கொம்பியூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், லாட்ஜ் லாட்ஜாகப் பொலிஸ் ஏறித் தமிழ் ஆட்களைத் தேட ஆரம்பித்ததும் தோட்டத்துக்கே திரும்பி, லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் அக்காவோடு இருந்தார். காலையில் இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியிடம் அரை நாள் வேலை. மத்தியானப் பஸ்ஸில் இறங்கினால் நேராக என் கடை. சுவரோர மெஷினில் உட்கார்ந்தால் பொழுது சாயும் மட்டும் எழுந்திருக்க மாட்டார். ஃபோன் பேச மாட்டார். எதையும் பிரின்ட் எடுக்க மாட்டார். கிளம்பும் முன் கொஞ்ச நேரம் மட்டும் இன்டர்நெட் கேட்பார்.

"அனுப்பணும்ணே."

"என்ன அனுப்புறீங்க தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே."

எதைக் கேட்டாலும் இதுதான் பதில். பேச்சை ரசிக்கிறவன் நான். ஒவ்வொருவரும் அடிக்கடி சொல்லும் வார்த்தையை மனதில் பத்திரப்படுத்தி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த ஒண்ணுமில்லண்ணேயை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் சலூன்காரர் கொப்பி எடுக்க வந்தார். சுவரோர மெஷினில் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டார்.

"செவப்புல ஒரு வரி. அடியில பச்சையில ஒரு வரி. ரெண்டும் ஒண்ணுதாண்ணே. ஒரே எழுத்து, ஒரே குறி. ஒண்ண அழிச்சிட்டு அதையே திருப்பி எழுதுறாரு. மனுசன் அப்பிடிச் செய்வானா?"

"நீ வெட்டுன தலையவே திரும்பத் திரும்ப வெட்டுறியே."

"முடி வளருது, வெட்டுறேன். அங்க என்ன வளருது?"

அன்றைக்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தம்பி, கடை என் பேர்ல இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும். ஒண்ணுமில்லன்னு சொல்லாம சொல்லுங்க."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார். "இது எழுதுறதுக்கான ஒரு சொஃப்ட்வெயார்ண்ணே. சும்மா கிடைக்கும். உள்ள எப்பிடிச் செஞ்சிருக்குன்னு யாரும் தொறந்து பாக்கலாம். இதுல பாஷைகளுக்குன்னு ஒரு பகுதி இருக்கு. தமிழ் எழுத்து எப்பிடி ஒட்டணும், சிங்கள எழுத்து எப்பிடி வளையணும்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கு."

"அப்ப நீங்க தமிழத் திருத்துறீங்க."

"இல்லண்ணே. அதைத் தொடவே மாட்டேன். அதெல்லாம் ஓடுது. ஓடுறதுல கை வைக்கக் கூடாது. செஞ்சவங்க நடுநடுவுல குறிப்பு எழுதி வச்சிருக்காங்க. மெஷின் அதைப் படிக்காது. பின்னாடி வர்ற ஆளு படிக்கிறதுக்கு. அரைப்புள்ளி போட்டுத்தான் குறிப்பு தொடங்கணும். ஒரு அரைப்புள்ளி போட்டது வரிக்கு ஓரத்துல நிக்கணும். ரெண்டு போட்டது வரியோட நிக்கணும். காலைல வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்களத்துல ஆளு நிக்கிற மாதிரி. இங்க எல்லாம் கலைஞ்சு கிடக்கு. அதை நேரா நிறுத்துறேன்."

"சலூன்காரர் பாத்த செவப்பு, பச்சை?"

ஒரு வரியின் கடைசிக்குப் போகும் விசையை அழுத்தினார். துடிக்கும் கோடு கடைசி எழுத்தைத் தாண்டிப் போய், ஒன்றும் இல்லாத இடத்தில் நின்றது.

"எழுத்து இங்க முடியுது. வரி அங்க முடியுது. நடுவுல யாரோ ஸ்பேஸ் தட்டிட்டுப் போயிட்டாங்க. கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் எடுக்கறேன். எடுத்த வரிய வெளிநாட்டுல இருக்கிற செஞ்சவங்களுக்கு அனுப்புறப்ப, பழசு செவப்புல, புதுசு பச்சையில தெரியும்."

"எடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

"எடுக்கலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் எதுக்குய்யா?"

"பால் வெட்டுற மரத்தச் சுத்திப் புல்லு வெட்டுறாங்கல்ல. மரத்துல யாரும் கை வைக்கிறதில்ல. பாலும் கூடுறதில்ல. அடுத்தாளு வந்தா கால் வைக்க எடம் வேணுமில்லண்ணே."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நல்ல பேச்சுக்கு நான் எளிதில் விழுந்துவிடுவேன் என்பதால், எழுந்திருக்கும்போது மறுபடி சந்தேகம் பிடித்தது.

"யாரு சம்பளம் குடுக்கிறா?"

"யாருமில்லண்ணே."

சலூன்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். சம்பளம் இல்லை என்பதுதான் இருப்பதிலேயே மோசமான செய்தி என்பது போல.

அந்தக் குறிப்புகளில் ஒன்று அவருக்கு மிகவும் பிடிக்கும். எந்த நாட்டுக்காரரோ, எந்தக் காலத்திலோ, இது ஏன் இப்படி வேலை செய்கிறதென்று தனக்கே தெரியவில்லை என்று எழுதி வைத்திருந்தாராம். எல்லாக் குறிப்பையும் நேராக்குகிறவர் அதை மட்டும் கோணலாகவே விட்டுவைத்தார். "தெரியலைன்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்காருண்ணே. நல்ல மனுசன்" என்றார்.

இந்தப் பழக்கம் கொம்பியூட்டரோடு நிற்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் ஒரு சாவு வீடு. எல்லோரும் உள்ளே இருந்தபோது இவர் வாசலில் நின்றிருக்கிறார். அங்கே கிடந்ததெல்லாம் ஒரே மாதிரி ரப்பர் செருப்புகள். நிறம் தேய்ந்துபோன செருப்பை இடத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிக்க வேண்டும். நான் இடது படியோரம் விட்டேன், நீ குழாயடியில் விட்டாய் என்று. இவர் எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து, சின்னது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் செருப்போடுதான் வீட்டுக்குப் போனார்கள். "செருப்பு மாத்துறதுக்குன்னே சாவு வீட்டுக்கு வர்றான்" என்று ஒரு கிழவி மாசக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவருடைய அக்கா பால் வெட்டுகிறவர். ஒரு நாள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, காலி வாளியோடு என் கடை வாசலில் வந்து நின்றார். தம்பி இன்னும் பஸ்ஸில் வந்திருக்கவில்லை.

"அவன் என்னண்ணே செய்றான் இங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அக்கா வாளியைக் கீழே வைக்கவேயில்லை.

"சம்பளம் இல்லாம ஒருத்தன் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தா, அது நல்ல வேலையாண்ணே? கொழும்புல எவன் கூடவாவது சேந்துட்டானோன்னு பயமா இருக்கு. எனக்கு அவன் ஒருத்தன்தான். நீங்களாவது பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காப்பாற்றுவதா, கண்காணிப்பதா, எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெளிவில்லை.

அதற்குக் கொஞ்ச நாளில் கல்யாணப் பத்திரிகை விவகாரம் வந்தது.

மாப்பிள்ளை தேயிலைத் தோட்டம். அவருடைய அப்பா அங்கே தொழிற்சங்கத் தலைவர். மீசையும் குரலும் உள்ள மனுசர். பெண் ரப்பர் தோட்டம், அப்பா இல்லாத பிள்ளை. நான் பத்திரிகை அடிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி ஸ்பேஸ் விசை. பெயரை நடுவில் நிறுத்த வேண்டுமா, தட்டு. வலது பக்கம் தள்ள வேண்டுமா, இன்னும் தட்டு. இடது பக்கம் மாப்பிள்ளை வீட்டார், வலது பக்கம் பெண் வீட்டார். பெண்ணின் அப்பா பெயருக்கு மேலே, தனி வரியில், 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். வரி முழுக்க ஸ்பேஸ் தட்டி அந்த ஒரு வார்த்தையை வலது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். இரு வீட்டாரும் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் நான் மை வாங்க இரத்தினபுரி போக வேண்டியிருந்தது. கடையை அவர் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது கடை கண்ணாடி மாதிரி இருந்தது. பத்திரிகைதான் ஏற்கனவே சரி பார்த்தாயிற்றே என்று, அன்று சாயங்காலமே திரும்பப் பார்க்காமல் வண்ண அட்டையில் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

நாலைந்து நாளில் தலைவர் வந்தார். பத்திரிகைக் கட்டை மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கடைக்காரரே, நான் எப்ப செத்தேன்?"

எடுத்துப் பார்த்தேன். 'காலஞ்சென்ற' என்ற வார்த்தை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்து, தலைவர் பெயருக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது.

"மூலைல மஞ்ச தடவி சொந்தக்காரங்களுக்கு அனுப்பியாச்சு. அட்டன்லேருந்து என் தங்கச்சி ஃபோன்ல ஒப்பாரி வைக்கிறா. நான் உயிரோடதான் இருக்கேன் புள்ளன்னு சொன்னா, நீங்க யாரு பேசுறதுன்னு கேக்குறா."

"தலைவரே..."

"பொண்ணு வீட்டுல இப்பவே என்னைக் கொன்னுட்டாங்கன்னு எங்க வீட்டம்மா சொல்றா. கல்யாணம் நிக்கட்டுமான்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

சுவரோர மெஷினிலிருந்து அவர் எழுந்து வந்தார். பத்திரிகையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"நான்தாண்ணே. நீங்க இரத்தினபுரி போனப்ப உங்க ஃபைலெல்லாம் தொறந்து ஒழுங்கு பண்ணினேன். அந்த வரிக்கு முன்னாடி நெறைய வெத்து எடம் இருந்துச்சு. யாரோ கை தவறித் தட்டினதுன்னு நெனச்சேன்."

"யாரோ இல்ல தம்பி, நான். கை தவறி இல்ல. பாத்துப் பாத்துத் தட்டினது."

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வெத்து எடத்த எடுத்தா என் உசுரு போயிருமா?" என்றார். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

புதிதாக அடித்துக் கொடுத்தோம். ஸ்பேஸ் விசையை அவரேதான் தட்டினார், ஒவ்வொன்றாக, என் பழைய பிரதியை மடியில் வைத்துக்கொண்டு. கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் சலூன்காரர் விடவில்லை. "பொண்ணு யாரு தெரியுமாண்ணே? அவரு இருக்கிற அதே லயம். பக்கத்துக்குப் பக்கத்து வீடு." சொல்லிவிட்டு ஒரு தடவை இருமினார். அந்த இருமலில் ஒரு முழுக்கதை இருந்தது. அதன்பின் நான் அவர் திரையை முன்பைவிடக் கூடுதலாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கெட்டுப்போன பத்திரிகைகளை நான் மேசை லாச்சியில் போட்டு வைத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பில் எழுத ஆகும். அவர் அதைப் பார்த்தபோதெல்லாம் முகம் சுருங்கும்.

"அதை எரிச்சிடுங்கண்ணே."

"எதுக்கு? நல்ல அட்டை."

"கண்ணுல படுறப்பல்லாம் ஒரு மாதிரியா இருக்கு. குடுங்க, நானே எரிக்கறேன்."

கொடுக்கவில்லை. தப்பின் மிச்சத்தைக்கூட விட்டுவைக்காத மனுசர் வேறு எதையெல்லாம் எரித்திருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் பொலிஸ் மோட்டார் சைக்கிள் கடை முன்னால் நின்றது. இறங்கியவர் எங்களுக்குத் தெரிந்த சார்ஜன்தான். என்னிடம்தான் கொப்பி எடுப்பார். கூட ஒரு இளம் கொன்ஸ்டபிள். யார் சொல்லி வந்தார்கள் என்று இன்று வரை தெரியாது. சலூன்காரர்தான் என்று நான் நினைத்தேன். நான்தான் என்று சலூன்காரர் நினைத்தார்.

சார்ஜன் என்னைக் கேட்டார், அவரைச் சுட்டி. "மூ மொகக்த கரன்னே?" இவன் என்ன செய்கிறான் என்று அர்த்தம். ஆனால் சிங்களத்தில் அந்த 'மூ' இவன் என்பதைவிடப் பல படி கீழே.

அடையாள அட்டை வாங்கப்பட்டது. பேச்செல்லாம் சிங்களத்தில். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் தப்பித்தார் என்று நினைத்தேன். ஆனால் அந்த வேலையை எந்தப் பாஷையில் சொன்னாலும் ஒன்றுதான். திரையில் சிவப்பு வரி, பச்சை வரி. சார்ஜன் குனிந்து பார்த்தார். "தெகம எக்கய் நே" என்றார். இரண்டும் ஒன்றுதானே.

"ஆமா சேர். இதுல இருந்த வெத்து எடத்த எடுத்திருக்கேன்."

"எங்கே அந்த வெத்து எடம்? காட்டு."

"எடுத்துட்டேன் சேர்."

கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டார். சார்ஜன் சிரிக்கவில்லை.

"எடுக்கிறதுக்கு முன்னாடி அது கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல சேர்."

"எடுத்த பிறகு?"

"இல்ல சேர்."

"சம்பளம்?"

"இல்ல சேர்."

"அனுப்புறது வெளிநாட்டுக்கு."

"ஆமா சேர்."

"சரி, இதையே ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

அவர் எழுந்தார். எழுந்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளினார். மவுஸ் வயரை வளையமாகச் சுருட்டி வைத்தார். அந்த நேரத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. சார்ஜனின் கண் சுருங்கியது. "பார், பார்" என்றார் கொன்ஸ்டபிளிடம். "இருந்த தடயத்தைத் துடைக்கிறான்."

என் மனதில் முதன்முதலாக ஓடிய அதே நினைப்பு, அடுத்தவர் வாயிலிருந்து. அக்கா காலி வாளியோடு வாசலில் நின்றது கண்ணுக்கு வந்தது. இவரைக் கூட்டிப் போய்விட்டால் அந்த லயத்துக்கு யார் போய்ச் சொல்வது? லாச்சியை இழுத்தேன்.

"சேர், ஒரு நிமிசம். இந்த ஆளு வெத்து எடத்த எடுத்தா என்ன நடக்கும்னு நான் காட்டுறேன்."

கெட்ட பத்திரிகை ஒன்றையும் நல்ல பத்திரிகை ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சார்ஜனுக்குத் தமிழ் படிக்க வராது. 'காலஞ்சென்ற' மேல் விரல் வைத்துச் சொன்னேன். "இந்த வார்த்தைக்கு திவங்கதன்னு அர்த்தம் சேர். இங்க, வலது பக்கத்துல இருக்கணும், பொண்ணோட அப்பா மேல. இவரு ஒழுங்கு பண்றேன்னு முன்னாடி இருந்த வெத்து எடத்த எடுத்துட்டாரு. வார்த்தை இந்தப் பக்கம் வந்துடுச்சு. மாப்பிள்ளையோட அப்பா செத்துட்டாரு."

"யாரு அந்த அப்பா?"

சொன்னேன். சார்ஜன் நிமிர்ந்தார். தோட்டத்துத் தகராறு ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷன் படி ஏறுகிற தலைவரை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அந்தத் தலைவரா? காலைலகூட வந்து என் மேசையைத் தட்டிட்டுப் போனாரே."

"அவரேதான் சேர். செத்த பிறகுதான்."

சார்ஜன் கெட்ட பத்திரிகையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார், கல் வாங்க வந்தவர் போல. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு சத்தமாகவே சிரித்தார்.

சிரிப்பு நின்றதும் என் பக்கம் திரும்பினார். "இவனுக்கு நீ பொறுப்பா?"

"சேர், இவரை என்னைவிட யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க. வந்த நாள்லேருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். பாத்துப் பாத்து நானே களைச்சுப் போனேன். இவருகிட்ட கண்டுபிடிச்ச ஒரே குத்தம் இந்தக் கார்டுதான். பொறுப்புன்னா, ஆமா, நான்தான்."

அடையாள அட்டை நம்பரைக் குறித்துக்கொண்டார். இரண்டு பத்திரிகைகளையும் மடித்துப் பையில் வைத்தார். "மூவை ஒரு கண் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூதான். ஆனாலும் போய்விட்டார்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எரிச்சிடுங்கன்னு நான் ரெண்டு மூணு தடவை சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"எரிக்கலியேண்ணே நீங்க."

"எனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது தம்பி. கடையப் பாத்தாலே தெரியலியா?"

அன்றைக்கு அவர் போன பிறகு பார்த்தேன். நாற்காலி வெளியே இழுத்தபடி கிடந்தது. வயர் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் தடவையாக ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. நானும் அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகும் துடைப்பதை அவர் விடவில்லை. ஆனால் கேட்டுவிட்டுத்தான் துடைப்பார். "இது வேணும்னு வச்சதாண்ணே?" என் மேசையில் கிடக்கும் குண்டூசியைக்கூடக் கேட்பார். தமிழ் எழுத்து அட்டவணையில் நடுவில் நீளமாக வெற்றிடம் கண்டால், அதை எடுக்காமல், வேண்டுமென்று வைத்ததா என்று கடல் தாண்டிக் கேட்டு எழுதுவார். அங்கிருப்பவர்களில் ஒருவர், இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று பதில் போட்டாராம். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். சலூன்காரர் அதற்கும் இருமினார்.

சண்டை முடிந்த வருஷம் கட்டாரில் கொம்பியூட்டர் வேலை கிடைத்து அவர் போனார். போவதற்குச் சில வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார்ஜன் யூனிஃபோர்ம் இல்லாமல் சாரமும் சட்டையுமாகக் கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். சிங்களத்தில் பத்திரிகை அடிக்க வேண்டும். விவரம் எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவரோர மெஷினைப் பார்த்தார். அங்கே அவர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்டுல எல்லாரும் உயிரோட இருக்காங்க" என்றார் சார்ஜன், சிங்களத்தில். "அப்படியே இருக்கட்டும். அந்த மஹத்தயாவை இதில் கை வைக்க விடாதே."

மூ மஹத்தயா ஆகியிருந்தது. ஐயா என்கிற மாதிரி. அவர் திரும்பி, தொட மாட்டேன் சேர் என்றார், சிங்களத்திலேயே.

அடித்து முடித்து மாதிரி ஒன்று எடுத்தேன். சார்ஜன் வாங்கி ஒவ்வொரு பெயராக வாசித்தார். சரி என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தார்.

"தொடாமல் பார்" என்றார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார் அவர். நேரமாயிற்று. சார்ஜன் அவர் முகத்தைப் பார்த்தார், நான் சார்ஜன் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் பின்னால் கட்டிய கையில் ஒன்று முன்னால் வந்தது. மகள் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் நடுவில், தாளைத் தொடாமல், ஒரு விரல் நின்றது. மற்ற இடங்களைவிட அங்கே இடைவெளி ஒரு பொட்டு கூடுதல்.

"அண்ணே, இது வேணும்னு வச்சதா?"

என் கட்டைவிரல் வழுக்கித் தட்டியது அது. எனக்குத் தெரியும்.

"ஆமா தம்பி. வேணும்னுதான் வச்சேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரை எத்தனையோ மத்தியானங்கள் பார்த்த அதே பார்வை. பிறகு விரலை எடுத்துக்கொண்டார்.

சார்ஜன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன அது?" என்றார்.

"ஒண்ணுமில்ல சேர்" என்றேன் நான்.